49.11 விநாடிகள்... ஒரு நாட்டையே தோளில் சுமந்து ஓடிய கேத்தி ஃப்ரீமன்!

ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவர்கள் என்ன செய்வார்கள்? இரண்டு கையையும் தூக்குவார்கள். துள்ளிக் குதிப்பார்கள். கேமராவைத் தேடி ஓடுவார்கள். 2000-ம் ஆண்டு செப்டம்பர் 25-ம் தேதி இரவு, சிட்னி ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் இறுதிப்போட்டியை ஜெயித்த பெண் இதில் எதையும் செய்யவில்லை. கோட்டைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தார், தலையை மூடியிருந்த உடையைப் பின்னால் தள்ளினார், அப்படியே டிராக்கில் உட்கார்ந்துவிட்டார்.

சுற்றிலும் 1,12,524 பேர். அத்தனை பேரும் எழுந்து நின்று கத்துகிறார்கள். அவரோ ஷூவைக் கழற்றிவிட்டு, எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

அந்த வீடியோவை இப்போது பார்த்தாலும் ஒன்று தோன்றும். அது ஜெயித்த ஒருவரின் முகம் மாதிரி இல்லை. ரொம்ப நாளாகத் தலையில் இருந்த ஒரு மூட்டையை இறக்கி வைத்த ஒருவரின் முகம்.

அவர் பெயர் கேத்தி ஃப்ரீமன். அப்போது வயது 27. ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண். அவர் தலையில் இருந்த அந்த மூட்டைக்குள் என்ன இருந்தது? அதோடு ஒரு சுற்றை அவர் எப்படி ஓடினார்? இதைத் தெரிந்துகொள்ள முதலில் அந்த ஒரு சுற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே ஒரு சுற்றுதானே... அதுல என்ன கஷ்டம்?

அப்படி நினைத்தால் நீங்கள் மட்டும் இல்லை, நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 100 மீட்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு முழு வேகத்தில் ஓடிவிடலாம். 1,500 மீட்டர் என்றால் நிதானமாகத் தொடங்கி, கடைசியில் வேகமெடுக்கலாம். 400 மீட்டர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஓட்டம். முழு வேகத்தில் ஓடினால் முடிக்க முடியாது. நிதானமாக ஓடினால் ஜெயிக்க முடியாது.

காரணம் உடம்பிலேயே இருக்கிறது. தசைகளில் உடனடிச் செலவுக்கு இருக்கிற சக்தி சில விநாடிகளிலேயே தீர ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு, போதுமான ஆக்சிஜன் வந்து சேரும் வரை காத்திருக்க நேரமில்லாமல், உடம்பு சர்க்கரையை அவசரமாக உடைத்துச் சக்தி எடுக்கும். அதன் விளைவாகத் தசைகளில் அமிலத்தன்மை கூடும். 300 மீட்டரைத் தாண்டும்போது கால் கனக்கும், தோள் மேலே ஏறும், முட்டி உயராது. பார்க்கிற நமக்கு, கடைசி நூறு மீட்டரில் ஒருவர் திடீரென்று வேகமெடுத்து மற்றவர்களை முந்துவது மாதிரி தெரியும். உண்மை என்ன தெரியுமா? பெரும்பாலும் அங்கே எல்லோருமே மெதுவாகிக்கொண்டுதான் இருப்பார்கள். யார் குறைவாக மெதுவாகிறாரோ அவர்தான் முந்துகிறார்.

இன்னொரு சிக்கல், பாதை. 400 மீட்டரில் தொடக்கம் முதல் முடிவு வரை அவரவர் பாதையிலேயே ஓட வேண்டும். வளைவில் வெளிப்பக்கப் பாதை நீளம் அதிகம் என்பதால், அதைச் சரிக்கட்ட வெளிப்பக்கம் இருப்பவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளி நிறுத்துவார்கள். ஆறாவது பாதையில் இருப்பவர், முதல் பாதையில் இருப்பவரைவிட சுமார் 38 மீட்டர் முன்னால் நின்று தொடங்குவார். அவருக்கு உள்பக்கம் இருக்கும் ஐந்து பேரும் முதுகுக்குப் பின்னால். யார் எங்கே வருகிறார்கள் என்று தெரியாது. கடைசி வளைவு முடியும்போதுதான் யார் முன்னால், யார் பின்னால் என்ற உண்மை வெளிப்படும்.

ஆக, இந்த ஓட்டத்தில் அடுத்தவரைப் பார்த்து ஓடுவது நடக்காத காரியம். நம் சுற்றை நாமே பங்கு போட்டு, நம் கணக்கை நம்பி ஓட வேண்டும். கேத்தியின் கதைக்கு இது ரொம்ப முக்கியம். அன்று இரவு அவர் ஓடியது அந்த ஆறாவது பாதையில்தான்.

பெண்களால் முடியாது என்று சொன்ன காலம்

இன்றைக்கு ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தானே ஓடுகிறார்கள். ஆனால், பெண்களுக்கு ஒரு சுற்று ஓட அனுமதி கிடைக்கவே 1964 வரை ஆனது.

1928-ல் ஆம்ஸ்டர்டாமில் பெண்களுக்கு முதன்முறையாக 800 மீட்டர் வைத்தார்கள். ஓடி முடித்துக் களைத்துப்போனவர்களைப் பார்த்துவிட்டு, 'பெண்கள் மயங்கி விழுந்துவிட்டார்கள்' என்று பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. அவ்வளவுதான், அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். 800 மீட்டர் திரும்ப வந்தது 1960-ல் ரோமில்தான். 400 மீட்டர் முதன்முதலாகப் பெண்களுக்கு வந்தது 1964-ல், டோக்கியோவில்.

அந்த முதல் தங்கத்தை வாங்கியவர் யார் தெரியுமா? பெட்டி கத்பர்ட் என்ற ஆஸ்திரேலியப் பெண். எட்டு வருடங்களுக்கு முன்பு மெல்போர்னில் 100, 200 மீட்டர், தொடர் ஓட்டம் என்று மூன்று தங்கம் வாங்கியவர். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க. சிட்னியில் இவர் மறுபடியும் வருவார்.

மெக்காய் ஊரில் பிறந்த பெண்

கேத்தி 1973-ம் ஆண்டு பிப்ரவரி 16-ம் தேதி குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மெக்காய் நகரில் பிறந்தார். கடலோர ஊர், கரும்பு விளையும் பகுதி. அப்பா அம்மா பிரிந்துவிட்டார்கள். அம்மாவின் இரண்டாவது கணவர்தான் கேத்திக்கு முதல் பயிற்சியாளர்.

வீட்டில் கேத்திக்கு ஓர் அக்கா. பெயர் ஆன் மரி. அவருக்கு 'செரிப்ரல் பால்சி' என்கிற மூளை முடக்குவாதம். தன்னால் ஓட முடிகிறது, அக்காவால் நடக்க முடியவில்லை. சிறு வயதிலிருந்தே கேத்தியின் கண்ணெதிரே இருந்த உண்மை இது.

1990-ல் ஆக்லாந்து காமன்வெல்த் போட்டியில், 16 வயதில், 4x100 மீட்டர் தொடர் ஓட்ட அணியில் ஓடித் தங்கம் வாங்கினார் கேத்தி. காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வாங்கிய முதல் ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண் அவர்தான். அதே வருடம் ஆன் மரி இறந்துபோனார். அதற்குப் பிறகு தன் ஓட்டத்தை அக்காவுக்குச் சமர்ப்பித்ததாகக் கேத்தி பலமுறை சொல்லியிருக்கிறார்.

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருபவர்கள் பூர்வகுடிகள். ஆனால், அந்த நாட்டு அரசமைப்புச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்றது அது. 1967-ல் பொதுவாக்கெடுப்பு நடத்தி அதை நீக்கினார்கள். கேத்தி பிறப்பதற்கு ஆறே வருடங்களுக்கு முன்பு!

அதைவிடக் கொடுமை இன்னொன்று. 1970 வாக்கில் வரை, பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துச் செல்லும் அரசுக் கொள்கை பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. வெள்ளைக்காரக் குடும்பங்களிலும் காப்பகங்களிலும் அவர்களை வளர்த்து, மொழி, உறவு, அடையாளம் எல்லாவற்றையும் மறக்கச் செய்வதுதான் நோக்கம். 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்றே அவர்களைச் சொல்கிறார்கள். கேத்தியின் பாட்டியும் அப்படித் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவர்தான்.

இரண்டு கொடிகள்

1994-ல் கனடாவின் விக்டோரியா நகரில் காமன்வெல்த் போட்டி. 400 மீட்டரில் கேத்தி தங்கம் வென்றார். வெற்றி வலம் வரும்போது அவர் கையில் இரண்டு கொடிகள். ஒன்று ஆஸ்திரேலியக் கொடி. இன்னொன்று கறுப்பு, சிவப்பு, நடுவில் மஞ்சள் வட்டம் கொண்ட பூர்வகுடிகளின் கொடி. கறுப்பு மக்களையும், சிவப்பு மண்ணையும், மஞ்சள் சூரியனையும் குறிக்கும். ஹரால்ட் தாமஸ் என்ற பூர்வகுடி ஓவியர் 1971-ல் வடிவமைத்தது.

ஆஸ்திரேலிய அணியின் தலைமை நிர்வாகி ஆர்தர் டன்ஸ்டாலுக்கு அது பிடிக்கவில்லை. பகிரங்கமாகக் கண்டித்தார். ஒரு நாடு, ஒரு கொடி என்பது அவர் கட்சி. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? 21 வயது. எதிரில் நிற்பது அணியின் தலைமை. 'சரி, எதுக்கு வம்பு' என்று பலரும் ஒதுங்கியிருப்போம்.

கேத்தி அடுத்து 200 மீட்டரிலும் ஜெயித்தார். மறுபடியும் இரண்டு கொடிகளையும் எடுத்துக்கொண்டு வலம் வந்தார். அவர் யாரிடமும் சண்டை போடவில்லை. ஆனால், இறங்கியும் போகவில்லை. அடுத்த வருடமே, 1995-ல், ஆஸ்திரேலிய அரசு பூர்வகுடிக் கொடியை நாட்டின் அதிகாரபூர்வக் கொடிகளில் ஒன்றாக அறிவித்தது.

அவர் கையில் ஒரு பச்சை உண்டு. ஃப்ரீமன் என்ற தன் குடும்பப் பெயரை வைத்தே விளையாடி, 'ஏன்னா நான் சுதந்திரமானவள்' என்ற பொருள்படும்படி ஆங்கிலத்தில் குத்திக்கொண்டது. டிராக்கில் ஓடும்போது அந்தக் கை முன்னும் பின்னும் போய்வருவதை எல்லோரும் பார்ப்பார்கள்.

அட்லாண்டாவில் கிடைத்த வெள்ளி

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் 400 மீட்டர் இறுதிப்போட்டி, அந்த ஓட்டத்தின் வரலாற்றில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. பிரான்ஸின் மரி ஜோஸ் பெரெக் 48.25 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். 1992-லும் அவர்தான் சாம்பியன். அவருடைய அந்த நேரம் ஒலிம்பிக் சாதனையாக 28 ஆண்டுகள் நின்றது. 2024-ல் பாரிஸில் டொமினிக்கன் குடியரசின் மரிலெய்டி பாலினோ 48.17-ல் ஓடிய பிறகுதான் அது உடைந்தது.

அட்லாண்டாவில் இரண்டாவதாக வந்தவர் கேத்தி. நேரம் 48.63. அவர் வாழ்நாளில் ஓடிய மிக வேகமான ஓட்டம் அதுதான்.

இந்த எண்ணைக் கவனிங்க. நான்கு வருடம் கழித்து அவர் தங்கம் வாங்கிய நேரம் 49.11. அதாவது, தங்கம் வாங்கிய ஓட்டத்தைவிட வெள்ளி வாங்கிய ஓட்டம்தான் வேகமானது, கிட்டத்தட்ட அரை விநாடி! ஓர் ஓட்டத்தின் மதிப்பைக் கடிகாரம் மட்டும் சொல்லிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அட்லாண்டாவுக்குப் பிறகு 1997-ல் ஏதென்ஸ், 1999-ல் செவில் என்று அடுத்தடுத்து இரண்டு உலக சாம்பியன்ஷிப்களில் 400 மீட்டர் தங்கம் கேத்திக்கே. அடுத்தது சிட்னி. சொந்த நாட்டில் ஒலிம்பிக். எதிரில் மறுபடியும் பெரெக் வருவார் என்று உலகமே காத்திருந்தது.

சிட்னி: எத்தனை பேரின் எதிர்பார்ப்பு!

2000-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நிலைமை சாதாரணமாக இல்லை. திருடப்பட்ட தலைமுறைகள் பற்றிய விசாரணை அறிக்கை 1997-லேயே வந்துவிட்டது. ஆனால், பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு முறைப்படி மன்னிப்பு கேட்க மறுத்துவந்தது. 2000 மே மாதம் சிட்னி துறைமுகப் பாலத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் நல்லிணக்கம் வேண்டி நடந்தார்கள். ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரலும் பூர்வகுடிகள் மத்தியில் எழுந்தது.

போட்டிக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில் கேத்தி தன் பாட்டியின் கதையைச் சொன்னார். அரசு உணர்வில்லாமல் நடந்துகொள்கிறது என்று நேராகவே விமர்சித்தார்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்கம், இவர் ஓடவே கூடாது என்பவர்கள். இன்னொரு பக்கம், இவர் ஓடி ஜெயித்தால் நாடே ஒன்றாகிவிடும் என்று நம்புபவர்கள். விளம்பரப் பலகைகள், பத்திரிகை அட்டைகள் எல்லாவற்றிலும் அவர் முகம். தோற்றால்? அந்தக் கேள்வியை யாரும் வெளியே கேட்கவில்லை. ஆனால், எல்லோர் மனதிலும் அது இருந்தது.

செப்டம்பர் 15, தொடக்க விழா. ஒலிம்பிக்கில் பெண்கள் பங்கேற்கத் தொடங்கி நூறு ஆண்டுகள் ஆனதைக் கொண்டாட, கடைசிக் கட்டத்தில் தீபத்தை ஏந்தி வந்த எல்லோருமே ஆஸ்திரேலியாவின் பெண் சாதனையாளர்கள். அதில் முதலில் வந்தவர், சக்கர நாற்காலியில் இருந்த பெட்டி கத்பர்ட். ஆமாம், பெண்களுக்கான 400 மீட்டரின் முதல் ஒலிம்பிக் சாம்பியன்! நாற்காலியைத் தள்ளிவந்தவர் ஓட்டப்பந்தய வீராங்கனை ரேலின் பாய்ல். கைமாறிக் கைமாறி, தீபம் கடைசியாகக் கேத்தியிடம் வந்தது.

வெள்ளை உடையில், ஆழமில்லாத தண்ணீருக்குள் நடந்துபோய், தன்னைச் சுற்றி வட்டமாகத் தீயைப் பற்றவைத்தார். அந்த நெருப்பு வளையம் அவரைத் தாண்டி மேலே எழும்பியது. மேலே எழும்பி... நின்றுவிட்டது. இயந்திரக் கோளாறு. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, சில நிமிடங்கள் ஈர உடையோடு, கையில் தீபத்தோடு அசையாமல் நின்றார் கேத்தி. பிறகு ஒருவழியாகக் கொப்பரை நகர்ந்தது.

இன்னும் ஒரு வாரத்தில் தகுதிச்சுற்று. விளையாடப்போகும் ஒருவரையே தீபம் ஏற்ற வைத்தால் எதிர்பார்ப்பு எங்கே போகும்?

பெரெக் போய்விட்டார்

தகுதிச்சுற்று தொடங்கும் முன்பே அதிர்ச்சி. பெரெக் சிட்னியை விட்டுக் கிளம்பிவிட்டார். தனக்குத் தொல்லையும் மிரட்டலும் இருந்ததாகச் சொன்னார். இரண்டு முறை சாம்பியன், எல்லோரும் காத்திருந்த எதிராளி, இல்லை.

'அப்ப கேத்திக்கு ஈஸி ஆயிடுச்சே' என்று தோன்றும். அப்படி இல்லை. பெரெக் இருந்திருந்தால், தோற்றாலும் 'ஜாம்பவானிடம்தான் தோற்றாள்' என்று சொல்லலாம். இப்போது அந்தக் காரணமும் போனது. ஜெயிப்பது இனி கடமை.

நான்கு நாள், நான்கு ஓட்டம்

செப்டம்பர் 22 முதல் 25 வரை தினமும் ஒரு 400 மீட்டர். முதல் சுற்றில் 51.63, காலிறுதியில் 50.31, அரையிறுதியில் 50.01. தேவைக்கு மேல் ஒரு துளியும் செலவழிக்காமல், படிப்படியாக ஏறியிருப்பது தெரிகிறதா? நான்கு நாளும் முழு பலத்தில் ஓடியிருந்தால் நான்காவது நாள் கால் எழும்பாது.

இறுதிப்போட்டி இரவு. பச்சை, பொன், வெள்ளி நிறங்களில் கால் முதல் தலை வரை மூடிய உடை. காற்றின் தடையைக் குறைக்க வடிவமைத்தது. காலில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் ஷூ. பூர்வகுடிக் கொடியின் நிறங்கள். அறிமுகம் செய்யும்போது அரங்கமே அதிர்கிறது. அவர் முகத்தில் அசைவில்லை.

துப்பாக்கி வெடிக்கிறது. முதல் வளைவில் அவர் அவசரப்படவில்லை. எதிர்ப்பக்க நேர்க்கோட்டில் அவர் எங்கு போகிறாரோ, அங்கெல்லாம் கேமரா ஃப்ளாஷ்கள் அலைபோலத் தொடர்கின்றன. கடைசி வளைவு முடிந்து நேர்க்கோட்டுக்கு வரும்போது, அவர் தெளிவாக முன்னிலையில் இல்லை. ஜமைக்காவின் லொரெய்ன் கிரஹாமும் பிரிட்டனின் கேத்தரின் மெர்ரியும் சரிசமமாக இருக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாட்டுக்கே மூச்சு நின்றிருக்கும்.

இன்னும் 100 மீட்டருக்கும் குறைவு. இங்கேதான், அவர் அதுவரை சேமித்துவைத்தது கைகொடுத்தது. மற்றவர்களின் தோள் இறுக ஆரம்பித்த இடத்தில் அவர் ஓட்டம் குலையவில்லை. கிரஹாமும் மெர்ரியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனார்கள். கேத்தி 49.11, கிரஹாம் 49.58, மெர்ரி 49.72. நான்காவது வந்த பிரிட்டனின் டோனா ஃப்ரேசருக்கு 49.79. வெண்கலத்துக்கும் வெறுங்கைக்கும் நடுவில் நூற்றில் ஏழு பங்கு விநாடி!

அதன் பிறகுதான், நாம் தொடக்கத்தில் பார்த்த காட்சி. உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். கொஞ்ச நேரம் கழித்துதான் சிரிப்பு வந்தது. எழுந்து, வெறுங்காலோடு வெற்றி வலம் வந்தார். கையில் இரண்டு கொடிகள், ஒன்றாகச் சேர்த்து. ஆறு வருடங்களுக்கு முன்பு எதற்காகக் கண்டிக்கப்பட்டாரோ, அதையே செய்தார். இந்த முறை ஒரு லட்சம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் ஆஸ்திரேலியப் பூர்வகுடி அவர்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டதா?

இல்லை. ஓர் ஓட்டத்தால் அதெல்லாம் நடந்துவிடாது. அப்படிச் சொன்னால் அது கேத்திக்கும் நியாயம் இல்லை, அந்த மக்களுக்கும் நியாயம் இல்லை.

பூர்வகுடிகளிடம் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் முறைப்படி மன்னிப்பு கேட்கப்பட்டது 2008 பிப்ரவரி 13-ம் தேதி. கேட்டவர் பிரதமர் கெவின் ரட். சிட்னிக்கு ஏழு வருடங்களுக்கு மேல் கழித்து. நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடி அமைப்பு ஒன்றை அரசமைப்பில் சேர்க்க 2023-ல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. அது ஆறு மாநிலங்களிலும் தோற்றது. 2000-ல் எழுந்து நின்று கைதட்டிய அதே நாடுதான்.

கேத்தி 2003-ல் ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 2007-ல் பூர்வகுடிக் குழந்தைகளின் படிப்புக்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் முதல் பணிகள் நடந்த இடங்களில் ஒன்று பாம் தீவு. ஒருகாலத்தில் பல பகுதிகளைச் சேர்ந்த பூர்வகுடிகளை அரசு பிடித்துக் கொண்டுபோய் வைத்த தீவு அது. கேத்தியின் குடும்ப வேர் அங்கும் இருக்கிறது. கைதட்டல் முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த முறை 400 மீட்டர் பார்க்கும்போது...

2025 செப்டம்பரில் டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பில் அமெரிக்காவின் சிட்னி மெக்லாஃப்லின் லெவ்ரோன் 47.78-ல் ஓடினார். உலக சாதனையான 47.60-க்கு அடுத்த வேகமான நேரம். அந்த உலக சாதனை, கிழக்கு ஜெர்மனியின் மரிட்டா கோச் 1985-ல் கான்பெராவில் வைத்தது. அது எப்போது உடையும் என்ற எதிர்பார்ப்பில், பெண்களின் ஒரு சுற்று ஓட்டத்தை இப்போது நிறைய பேர் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். நீங்களும் பார்த்தால், இதையெல்லாம் கவனிங்க.

* தொடக்கத்தில் வெளிப்பாதையில் இருப்பவர் முன்னால் போவது மாதிரி தெரிந்தால் ஏமாற வேண்டாம். அவர் நின்றதே முன்னால்தான். உள்பக்கம் இருப்பவர் அந்த இடைவெளியை எவ்வளவு சீக்கிரம் குறைக்கிறார் என்று பாருங்கள்.

* முதல் 200 மீட்டரில் யார் வேகம் என்பதைவிட, யார் முகமும் தாடையும் தளர்வாக இருக்கிறது என்று பாருங்கள். முகம் இறுகினால் தோள் இறுகும். தோள் இறுகினால் கால் சுருங்கும்.

* கடைசி வளைவு முடியும் இடத்தில்தான் உண்மையான நிலவரம் தெரியும். பார்வையை அங்கே வைத்திருங்கள்.

* கடைசி 80 மீட்டரில் யார் வேகமெடுக்கிறார் என்று தேடாதீர்கள். யாருடைய ஓட்டம் குலையாமல் இருக்கிறது என்று தேடுங்கள்.

* கோட்டைத் தாண்டியதும் உடனே சேனலை மாற்றிவிடாதீர்கள். அடுத்த ஒரு நிமிடம்தான் அந்தச் சுற்றுக்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்று சொல்லும்.

நமக்கும் இப்படி எதிர்பார்ப்புகள் உண்டு. வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போகிற பெண், குடும்பமே நம்பியிருக்கும் பிள்ளை, 'உன்னாலதான் முடியும்' என்று ஊரே சொல்லும் ஒருவர். அந்தச் சுமையை வேண்டாம் என்று சொல்லிவிட முடிகிறதா என்ன? கேத்தியாலும் முடியவில்லை. ஆனால், ஆறாவது பாதைக்குள் நின்றபோது அவர் கையில் இருந்தது 400 மீட்டர் மட்டும்தான். பாட்டியின் வலி, அக்காவின் நினைவு, நாட்டின் சண்டை எதையும் அந்த 49 விநாடிகளில் தீர்க்க முடியாது. அந்தச் சுற்றைச் சரியாக ஓட மட்டும்தான் முடியும். அதை ஓடினார்.

ஓடி முடித்துவிட்டு, முதல் வேலையாக உட்கார்ந்தார். அந்த இடத்தையும் மறந்துவிட வேண்டாம். கைதட்டல் காத்திருக்கும். கொஞ்ச நேரம் உட்காரலாம்.